தகரப் பெட்டியில் கிடந்த பங்குப் பத்திரம்: காசா, காகிதமா?

மேற்குத் தாம்பரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், தந்தையார் காலமான பின் வீட்டைச் சுத்தம் செய்தார். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் இரண்டு பங்குப் பத்திரங்கள் கிடைத்தன. ஒன்று 1960-களில் வாங்கிய இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பங்கு. மற்றொன்று மதுரை வங்கியின் 50 பங்குகள். செய்தி எப்படியோ வெளியே போய், தரகர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். "இன்ஷூரன்ஸ் பங்குக்கு இப்போது எல்.ஐ.சி. பங்கு கிடைக்கும், லட்சக்கணக்கில் வரும், முன்பணம் 15,000 கொடுங்கள்" என்றாராம். பணம் கொடுக்கும் முன் உறுப்பினர் நம் சங்கத்துக்கு வந்தது நல்லதாயிற்று. இதே போன்ற பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். ஆகவே நாம் விசாரித்து அறிந்ததை இங்கே தருகிறோம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் என்ன ஆயின?

நம் நாட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை அரசு இரண்டு தவணையாக எடுத்துக்கொண்டது. முதலாவது ஆயுள் இன்ஷூரன்ஸ். 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது, 245 நிறுவனங்களின் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் அதனிடம் சென்றது. அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடமே சென்னையின் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டத் தொடங்கியதுதான். அரசு எடுத்துக்கொண்ட பின் எல்.ஐ.சி. அதை முடித்து 1959-இல் திறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது அரசு எடுத்தது தொழிலை. நஷ்ட ஈடு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. பங்குதாரருக்கு எல்.ஐ.சி.யில் பங்கு எதுவும் தரப்படவில்லை.

இரண்டாவது பொது இன்ஷூரன்ஸ்: தீ, கப்பல், மோட்டார் முதலியன. 1971 மே மாதம் நிர்வாகத்தை அரசு ஏற்றது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1973 ஜனவரி 1 முதல் 107 நிறுவனங்கள் நான்கு கம்பெனிகளுக்குள் அடங்கின. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா ஆகியவையே அந்த நான்கு. இந்த முறை இந்தியக் கம்பெனிகளின் பங்குகளையே அரசு எடுத்துக்கொண்டது. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு தொகை என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டது. அதோடு பழைய பங்குதாரரின் பங்குரிமை முடிந்தது.

2017-இல் நியூ இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தது. 2022 மே மாதம் எல்.ஐ.சி. வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய பத்திரத்துக்குப் புதிய பங்கு கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. இவை அரசு புதிதாக விற்ற பங்குகள். நம் உறுப்பினரின் இன்ஷூரன்ஸ் பத்திரம் இன்று ஞாபகார்த்தம்தான். தரகரின் 15,000 ரூபாய்க் கதை இத்துடன் முடிந்தது.

அதே பெட்டியில் இருந்த பணம்

ஆனால் மற்றொரு பத்திரத்தின் கதை வேறு. கருமுத்து தியாகராஜச் செட்டியார் 1943-இல் தொடங்கிய மதுரை வங்கி, 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் இணைந்தது. ஒரு மதுரை வங்கிப் பங்குக்கு இரண்டு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிப் பங்கு என்பது விகிதம். ஆக 50 பங்கு 100 ஆயிற்று. 2014-இல் 10 ரூபாய்ப் பங்கை 2 ரூபாயாகப் பிரித்தார்கள். 100 பங்கு 500 ஆயிற்று. 2017-இல் பத்துக்கு ஒன்று போனஸ்; மொத்தம் 550. இன்றைய விலையைப் பேப்பரில் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா வங்கியும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டபோது பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி ஆனது; பங்குதாரருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே பத்திரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கம்பெனி கைமாறியபோது கொடுத்தது பங்கா, ரொக்கமா, ஒன்றுமில்லையா?

தேடுவது எப்படி?

1. பத்திரத்தில் உள்ள கம்பெனிப் பெயர், போலியோ எண், பத்திர எண், பங்குதாரர் பெயர், பழைய முகவரி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பத்திரமே இல்லாவிட்டால் பழைய டிவிடெண்ட் சீட்டு, பாங்க் பாஸ் புத்தகம் உதவும்.

2. கம்பெனி இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னைக் கம்பெனிகளின் பதிவாளர் அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவனில் உள்ளது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் போகலாம்.

3. தற்போதைய கம்பெனியின் பங்குப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகளை முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்ற வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். பெயரைக் கொண்டு அந்த நிதியின் இணையதளத்திலும் தேடலாம்.

4. பங்கு அங்கே போயிருந்தாலும் உரிமை போகவில்லை. முதலில் கம்பெனியிடம் உரிமைக் கடிதம் பெற்று, ஐ.இ.பி.எஃப்.-5 படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. கம்பெனி சரிபார்த்து அனுப்பிய பின் பங்கு உங்கள் டிமேட் கணக்குக்கு வரும். காகிதப் பத்திரத்தைப் பெயர் மாற்றி விற்பது 2019 ஏப்ரல் முதல் இல்லை. ஆகவே டிமேட் கணக்கு அவசியம்.

5. பங்குதாரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை வேண்டும். தொகை பெரிதானால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றும் கேட்பார்கள்.

பெயரில் வரும் வில்லங்கம்

நம்மவருக்குத் தலைவலி தருவது இன்ஷியல்தான். பத்திரத்தில் இன்ஷியலோடு பெயர், ஆதாரில் தந்தை பெயர் முழுமையாக, பான் கார்டில் வேறு எழுத்து. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். நம் உறுப்பினரும் இந்த வேலையாக மூன்று முறை அலைந்தார். மனு இப்போது போயிருக்கிறது; பதிலுக்குக் காத்திருக்கிறார்.

பாலிசி வேறு, பங்கு வேறு

பெட்டியில் இருப்பது ஆயுள் பாலிசியாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். 1956-க்கு முந்திய கம்பெனிகளின் பாலிசிப் பொறுப்பும் எல்.ஐ.சி.க்குச் சென்றது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்ற பாலிசிப் பணம் மூத்த குடிமக்கள் நலநிதிக்குப் போகும். அங்கு போன பிறகும் 25 ஆண்டுகளுக்குள் கேட்டுப் பெறலாம்.

கடையில் பத்து ரூபாய்க் கடனுக்கும் பேரேட்டில் வரி எழுதும் நாம், சொந்தச் சேமிப்பை வீட்டாரிடம் சொல்வதில்லை. இன்று இரவு கல்லா கட்டிய பின் ஒரு நோட்டில் பங்கு, பாலிசி, டெபாசிட் எல்லாவற்றையும் எழுதுங்கள். வாரிசு நியமனத்தையும் பதிவு செய்யுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடமோ மகளிடமோ சொல்லிவையுங்கள். சந்தேகம் உள்ள உறுப்பினர்கள் பத்திரத்தின் நகலுடன் சங்க அலுவலகத்துக்கு வரலாம். எவருக்கும் முன்பணம் மட்டும் கொடுக்க வேண்டாம்.