அயல்நாட்டில் பந்தாடிப் பிழைப்போர்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அண்மையில் உள்ள ஜோகுபாளையம், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடங்களுள் ஒன்று. அதன் அக்கம்பக்கத்தைச் சேர்ந்த கௌதமபுரத்தில் புத்தர் பெருமான், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேஸில் நாட்டுப் பந்தாட்ட வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. ஞானிக்கும் சட்ட மேதைக்கும் தொண்டருக்கும் அருகே ஒரு பந்தாட்டக்காரரை நிறுத்திய மக்களுக்குக் கால்பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. அது வேலை தேடித் தரும் வித்தையுமாகும். இந்நகரின் அகமது கான் பந்தாட்டத்தை நம்பியே கல்கத்தா சென்று, கிழக்கு வங்காளக் கழகத்தில் பல ஆண்டுகள் புகழுடன் விளங்கினார் என்பதை முதியோர் நன்கறிவர்.

பெலேயைப் போன்றவர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது நடுத்தர ஆட்டக்காரனை. மேதையல்லன், ஆயினும் தொழில் அறிந்தவன். சொந்த நாட்டில் இடம் கிடைக்காமையால் வேற்று நாட்டிற்குச் செல்பவன். அவனுடைய வாழ்வைத் தீர்மானிப்பது கால்களின் திறமை என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு முன்பே வேறொன்று தீர்மானித்துவிடுகிறது.

இதனை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் பந்தாட்ட ஏணியைச் சற்று அறிதல் வேண்டும். அந்நாட்டில் தலைமைப் பிரிவில் 20 கழகங்கள், அதன் கீழ் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 24 கழகங்கள், ஆக 92. ஆண்டுதோறும் ஒவ்வொரு பிரிவிலும் முன்னணியில் நிற்போர் மேலே ஏறுவர். கடையில் நிற்போர் கீழே இறங்குவர். நான்காம் பிரிவுக்குக் கீழேயும் ஏணி நீண்டுகொண்டே செல்கிறது. கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பெரும்பாலும் சிறு தொழில் நகரங்களைச் சேர்ந்தவை. நார்தாம்ப்டன் நகரக் கழகத்திற்குச் 'செருப்புத் தைப்போர்' என்றே செல்லப்பெயர். அவ்வூர் காலணித் தொழிலுக்குப் பேர்போனது. சில ஆயிரம் பேர் கூடும் மைதானங்களில் ஒரு பருவத்தில் 46 லீக் ஆட்டங்கள் நடைபெறும். ஒப்பந்தம் ஓராண்டு அல்லது ஈராண்டு. பருவம் முடிந்ததும் கழகங்கள், வைத்துக்கொள்ளப்படுவோர் இன்னார், விடுவிக்கப்படுவோர் இன்னார் என்று பெயர்ப்பட்டியல் வெளியிடும். விடுவிக்கப்பட்டவன் ஜூன் திங்கள் இறுதிக்குள் வேறிடம் தேடவேண்டும். வாடகை வீடும் குழந்தையின் பள்ளியும் அத்துடன் மாறும். மாற்றல் உத்தரவுடன் மாநிலம் மாநிலமாகச் செல்லும் குடும்பங்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய கழகம் தன் இளம் ஆட்டக்காரனைச் சில திங்களுக்குச் சிறிய கழகத்திடம் ஒப்படைக்கும். இதனைக் 'கடன்' என்று மொழிபெயர்ப்போர் உளர், அது சரியன்று. கடன் வாங்கிய பணத்திற்கு வேறு பணம் திருப்பித் தரலாம். வாங்கிய பொருளையே திருப்பித் தருவது இரவல். ஆட்டக்காரன் இரவல் பொருள்தான். தேய்ந்து திரும்பினாலும் அவனே திரும்பவேண்டும்.

இந்த ஏணியின் கீழ்ப்படியில் 1995-ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. விகன் என்னும் வடமேற்கு இங்கிலாந்து நகரின் கழகம் அப்போது நான்காம் அடுக்கில் இருந்தது. அதனை விலைக்கு வாங்கியிருந்த டேவ் வீலன் என்னும் விளையாட்டுப் பொருள் வணிகர், ஸ்பெயின் நாட்டிலிருந்து ராபர்டோ மார்ட்டினெஸ், ஹெசூஸ் செபா, இசீத்ரோ தியாஸ் என்ற மூன்று இளைஞர்களை வரவழைத்தார். கீழ்ப்பிரிவில் ஸ்பெயின் தேசத்தவரைக் காண்பது அக்காலத்தில் வியப்பிற்குரியது. அங்கே பந்து பெரும்பாலும் வானில் பறக்கும். மழையும் சேறும் மிகுதி. தரையோடு பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடிப் பழகியவர்கள் இம்மூவரும். செபா விரைவில் ஸ்பெயினுக்குத் திரும்பினார். மார்ட்டினெஸோ 2001 வரை ஆறு பருவங்கள் விகனிலேயே தங்கினார். 1996-97 பருவத்தில் அக்கழகம் தன் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறியது.

மார்ட்டினெஸ் பலகேர் என்னும் சிறிய கட்டலான் ஊரினர். ஸ்பெயினின் முதற்பிரிவில் சாரகோசாக் கழகத்துக்காக அவர் ஆடிய லீக் ஆட்டம் ஒன்றே ஒன்று. சொந்த நாட்டில் அந்த ஒன்றோடு நின்ற கணக்கு, அயல்நாட்டில் விகன், மதர்வெல், வால்சால், ஸ்வான்சீ, செஸ்டர் என்று பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. பின்னர்ப் பயிற்சியாளராகி, ஸ்வான்சீயை 2008-இல் ஒரு படி உயர்த்தினார். 2013 மே 11-ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் அவருடைய விகன் அணி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று இங்கிலாந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்றே நாளில் அதே அணி தலைமைப் பிரிவிலிருந்து இறங்கவும் நேர்ந்தது. ஏணியின் இயல்பு அதுதான். அவர் பிற்பாடு பெல்ஜியம் நாட்டணிக்கு 2018 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றுத் தந்ததையும், 2023-இல் போர்ச்சுகல் அணியின் பொறுப்பை ஏற்றதையும் பலரும் அறிவர்.

1995-இல் இந்த இருபத்திரண்டு வயது இளைஞரை இங்கிலாந்து எதன் பேரில் உள்ளே விட்டது? அவருடைய புகழின் பேரிலன்று. அவருக்குப் புகழே இல்லை. ஸ்பெயின் 1986-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த நாடு. அதன் குடிமகன் இங்கிலாந்தில் வேலை செய்யத் தனி அனுமதி பெறவேண்டியதில்லை. கொத்தனாருக்கும் மருத்துவருக்கும் திறந்திருந்த அதே வாயில் பந்தாட்டக்காரனுக்கும் திறந்திருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த பாஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பியக் குடிமக்களுக்கு எதிரான எண்ணிக்கை வரம்புகளையும் அகற்றி அவ்வாயிலை மேலும் அகலமாக்கியது.

நம்மவருக்கு வாயில் வேறு. பைச்சுங் பூட்டியா 1999-இல் பரி என்னும் மூன்றாம் அடுக்குக் கழகத்தில் சேர்ந்தார். 2002 வரை அங்கே 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள். எண்ணிக்கை சிறிதெனினும், இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஓர் ஆட்டக்காரர் அந்த ஏணியில் கால் வைத்துச் சில ஆண்டுகள் நின்றது சிறிய செயலன்று. அந்தப் பரிக் கழகமே, 1885-இல் தோன்றி இருமுறை இங்கிலாந்துக் கோப்பையை வென்ற பழம்பெருமை உடையதாயினும், பணமுடையால் 2019-இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. கீழ்ப்பிரிவில் ஆட்டக்காரனுக்கு மாத்திரமன்று, கழகத்திற்கும் நாளை நிச்சயமில்லை.

அடுத்தவர் சுனில் சேத்ரி. 2009-இல் அப்போது இரண்டாம் அடுக்கில் இருந்த குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. ஒப்பந்தம் தயார், ஆட்டக்காரரும் தயார். ஆயினும் வேலை அனுமதி மறுக்கப்பட்டது. அன்றைய விதிப்படி, ஐரோப்பியர் அல்லாத ஆட்டக்காரனின் நாடு உலகத் தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருத்தல் வேண்டும். இந்தியா நூறையும் தாண்டி எங்கோ நின்றது. ஒருவனுடைய தகுதியை அவனுடைய நாட்டின் தகுதியைக் கொண்டு அளப்பது எவ்வகை நீதியோ! வேலைக்கு விண்ணப்பிப்பவனிடம் அவனுடைய ஊரார் எத்தனை பேர் தேர்வில் தேறினர் என்று கேட்பதற்கு இது ஒப்பாகும். 2024 ஜூன் வரை நாட்டிற்காக 94 கோல்கள் அடித்த அந்த ஆட்டக்காரர் இங்கிலாந்தின் லீக்கில் ஆடும் வாய்ப்பைப் பெற்றிலர்.

இனிக் காட்சி பெங்களூருக்குத் திரும்புகிறது. 2013 மே 18-ஆம் நாள், விகன் கோப்பை வென்று சரியாக ஒரு வாரம் கழித்து, அதே வெம்பிளியில் நார்தாம்ப்டன் அணி மேற்படி ஏறுவதற்கான இறுதி ஆட்டத்தில் பிராட்ஃபோர்டிடம் 0-3 என்று தோற்றது. அந்தக் கோடையில் நார்தாம்ப்டனை விட்டு நீங்கியவர்களுள் ஜான் ஜான்சன் என்னும் தற்காப்பு ஆட்டக்காரரும் ஒருவர். மிடில்ஸ்பரோ நகரில் பிறந்து, அந்நகரத்துக் கழகத்தில் பயின்று, அங்கே முதலணியில் இடம் அரிதாகவே கிடைத்தமையால் டிரான்மியருக்கு இரவலாகச் சென்று, பின்னர் நார்தாம்ப்டனுக்கும் இரவலாகவே வந்து அங்கே நிலைத்தவர். நாம் மேலே சொன்ன நடுத்தர ஆட்டக்காரனுக்கு இவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

அவ்வாண்டு பெங்களூர் கால்பந்துக் கழகம் புதிதாகத் தோன்றியது. அதன் முதற் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட்டும் ஏணியின் கீழ்ப்படிகளை நன்கறிந்தவர். மான்செஸ்டர் யுனைடெட்டில் இளைஞராகப் பயின்றபோதிலும், க்ரூ, பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, நார்தாம்ப்டன் என்று ஊர் ஊராக ஆடியவர். அவர் ஜான்சனை அழைத்தார். லூட்டன், விம்பிள்டன் கழகங்களில் ஆடிய கென்யா நாட்டுக் கர்ட்டிஸ் ஒசானோவையும் அழைத்தார். லைபீரியரான ஜானி மென்யோங்கரும் ஆஸ்திரேலியரான ஷான் ரூனியும் சேர்ந்து அயல்நாட்டவர் நால்வர். அணித் தலைவர் யார்? சுனில் சேத்ரி.

இதில் உள்ள வேடிக்கையை நேயர்கள் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கில் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட இந்தியரும், அதே இங்கிலாந்தின் நான்காம் அடுக்கிலிருந்து எளிதாக இந்தியாவுக்குள் வந்த ஆங்கிலேயரும் ஒரே அறையில் உடை மாற்றினர். அவருடைய நாடு தரவரிசையில் எத்தனையாவது என்று இங்கே எவரும் ஜான்சனைத் தடுத்துக் கேட்கவில்லை.

கழகத்தின் முதற்பருவ ஆட்டங்கள் அசோக் நகரில் உள்ள பழைய பெங்களூர்க் கால்பந்து மைதானத்தில் நடந்தன. ஜோகுபாளையத்து இளைஞர்களுக்கு அது எட்டாத தொலைவன்று. 2013 செப்டம்பர் 22-இல் மோகன் பகானுடன் 1-1 என்று தொடங்கிய அணி, 2014 ஏப்ரலில் கோவாவில் டெம்போவை 4-2 என்று வென்று முதற்பருவத்திலேயே தேசிய வாகையைச் சூடியது. மறுபருவத்தின் கடைசி நாளாகிய 2015 மே 31-இல் கண்டீரவா மைதானத்தில் நடந்த ஆட்டம் இன்னும் பலர் நெஞ்சில் நிற்கும். எதிரணி மீண்டும் மோகன் பகான். பெங்களூர் வென்றால் வாகை பெங்களூருக்கு, சமமானால் பகானுக்கு. முற்பாதியில் ஜான்சன் ஒரு கோல் அடித்தார். வாகை கைக்கு வந்துவிட்டதென்றே எண்ணினர். 87-ஆம் நிமிடத்தில் நைஜீரியத் தற்காப்பாளர் பெல்லோ ரசாக் தலையால் முட்டி அதனைச் சமன்செய்தார். மிடில்ஸ்பரோவிலிருந்து பிழைக்க வந்தவர் கொடுத்ததை, நைஜீரியாவிலிருந்து பிழைக்க வந்தவர் பறித்துச் சென்றார். மோகன் பகான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தேசிய லீக்கை வென்றது. பெங்களூர் 2016-இல் மீண்டும் வாகை சூடியது. அவ்வாண்டே ஆசியக் கழகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் நுழைந்த முதல் இந்தியக் கழகமாயிற்று. ஜான்சன் ஐந்து பருவங்கள் இங்கே ஆடிவிட்டு, 2018-இல் கல்கத்தா அணியொன்றுக்குச் சென்றார். நார்தாம்ப்டன் விடுவித்த ஆட்டக்காரருக்குச் சொந்த நாட்டில் காணாத பெயர் இந்நகரில் கிடைத்தது.

அயலார் வருகையால் நம் இளைஞருக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. பதினொருவர் ஆடும் அணியில் அயலார் நால்வர் எனில், உள்ளூராருக்கு நான்கு இடங்கள் குறைகின்றன. தற்காப்பின் நடுவிலும் தாக்குதலின் முனையிலும் அயலாரையே நிறுத்தும் வழக்கத்தால், அவ்விடங்களில் இந்தியர் பழகும் வாய்ப்புச் சுருங்கியது என்பது நம் கருத்து. ஆனால் அதனினும் பெரிய குறை ஏணி இல்லாமையே. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் ஏறுதலும் இல்லை, இறங்குதலும் இல்லை. 2023-இல்தான் பஞ்சாப் அணி கீழிருந்து ஏறும் முதற் கழகமாயிற்று. கீழ்ப்படிகள் உறுதியாக இருந்தாலல்லவோ கௌதமபுரத்துச் சிறுவன் ஒவ்வொன்றாக ஏறி, இருபத்தைந்து வயதில் ஒரு பிழைப்பைப் பெற முடியும்? இங்கிலாந்தில் நான்காம் அடுக்குக்காரனும் மாதச் சம்பளக்காரன். இங்கே நகர லீக்கில் ஆடுபவன் வங்கியிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா என்று காத்திருப்பவன்.

வாயில்களோ என்றும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 ஜனவரி முதல் ஸ்பெயின் நாட்டவரும் புள்ளி முறையில் அனுமதி பெறவேண்டியவராயினர். நாட்டணியில் ஆடிய ஆட்டங்கள் எத்தனை, ஆடிய லீக்கின் தரம் யாது என்றெல்லாம் கணக்கிட்டுப் புள்ளி தருவர். கீழ்ப்பிரிவுகளுக்கென 2023 முதல் ஒருசில சலுகை இடங்கள் ஒதுக்கப்பட்டன. முதற்பிரிவில் ஒரே லீக் ஆட்டம் ஆடிய இளைஞனுக்கு அந்தக் கணக்கில் கிடைக்கக்கூடிய புள்ளிகள் மிகச் சொற்பம். விகனுக்கு வந்த மூவரும் இன்று புறப்பட்டிருந்தால், அச்சலுகை இடங்களுள் ஒன்று காலியாக இருக்கிறதா என்றே முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டவர் பெங்களூருக்கு வந்துகொண்டிருந்தனர். வெஸ்ட்வுட்டுக்குப் பின் 2016-இல் ஆல்பர்ட் ரோக்காவும், 2018-இல் கார்லஸ் குவாட்ராட்டும் பயிற்சியாளர் ஆயினர். ஹுவானன், டிமாஸ் டெல்காடோ முதலியோர் ஆடினர். 2019 மார்ச் 17-ஆம் நாள் மும்பையில் கோவா அணியை 1-0 என்று வென்று பெங்களூர் சூப்பர் லீக் வாகையைப் பெற்றபோது, பயிற்சியாளர் கட்டலான் நாட்டவர். மிகைநேரத்தின் 117-ஆம் நிமிடத்தில் அந்த ஒரே கோலை அடித்தவரோ ராகுல் பேக்கே என்னும் மும்பை இளைஞர்.