கல்லூரி மாறும் ஆட்டக்காரர்கள், இடம் மாறும் பலம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் இது, நம்மூர்க் கால்பந்து அல்ல) வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஆட்டக்காரர், அண்மைக்காலம் வரை புதிய இடத்தில் ஓராண்டு களமிறங்காமல் காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டம் முடித்தவர்களுக்கு விலக்கு இருந்தது. பயிற்சியாளர்களுக்கோ எந்தத் தடையும் கிடையாது. பருவம் முடிந்த கையோடு கூடுதல் சம்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த அநியாயம்தான் மாற்றத்துக்கு வித்திட்டது.

2018 அக்டோபரில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ ‘டிரான்ஸ்ஃபர் போர்டல்’ என்ற பதிவேட்டைத் திறந்தது. அதில் பெயர் பதிந்தவரை எந்தக் கல்லூரியும் அணுகலாம். பழைய கல்லூரியின் அனுமதி தேவையில்லை. 2021 ஏப்ரலில், ஒருமுறை மாறுபவர் உடனே ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலை முதல், தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கவும் வழி பிறந்தது. வழக்குகளின் நெருக்கடியால் 2024இல் அந்த ‘ஒருமுறை’ வரம்பும் போனது. படிப்பில் தேறியிருந்தால் போதும்.

முதல் அடி பெரிய அணிகளின் பதுக்கலுக்கு விழுந்தது. உதவித்தொகை 85 பேருக்கு, களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர் என்றிருந்த நிலையில், அலபாமா போன்ற அணிகள் வேறெங்கும் முதல் வரிசையில் ஆடக்கூடியவர்களைக்கூட உட்காரவைத்திருந்தன. இன்று அப்படிக் காத்திருக்கப் பலர் தயாரில்லை.

பலம் இடம் மாறுவதற்கு இண்டியானா பல்கலைக்கழகத்தின் கதை நல்ல சாட்சி. 2023இல் மூன்றே வெற்றி, ஒன்பது தோல்வி. அடுத்து வந்த பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் ஆடியவர்களில் பத்துப் பேருக்கு மேற்பட்டோரைக் கூட்டிவந்தார். 2024இல் 11 வெற்றி. 2025 பருவத்தில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவந்த, தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். அணி தோல்வியே காணாமல் தேசியப் பட்டத்தைத் தட்டிச் சென்றது. பத்தாண்டுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆள் சேர்த்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை: 2023இல் கொலராடோ அணியை ஏறக்குறைய முழுதாக மாற்றிய பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸுக்கு அந்த ஆண்டு கிடைத்தது நான்கு வெற்றிதான்.

பெரிய அணிகளும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜனவரியில் அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றதும், அங்கிருந்த ஆட்டக்காரர் கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார். கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவாட்டர்பேக் வில் ஹோவர்டும் அங்கே சேர்ந்தார். 2024 பருவத்தின் தேசியப் பட்டம் ஒஹையோ ஸ்டேட்டுக்கே.

உண்மையில் நொந்துபோனவை கீழ்த்தட்டுக் கல்லூரிகள். கேம் வார்டு இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் வழியாக மயாமிக்குப் போய், 2025இல் தொழில்முறை லீக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வானார். நாற்று விட்டது ஓரிடம், அறுவடை வேறிடம்.

வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு 2025-26 கல்வியாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே பகிரலாம் என்றானது. வரம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். அதை எட்டும் வசதி சிலருக்கே. டிரான்ஸ்ஃபர் போர்டலில் பெயர் பதியும் காலத்தையும் என்சிஏஏ ஜனவரியில் இரு வாரமாகச் சுருக்கியிருக்கிறது. ஆனால் தொழில்முறை லீக்கில் இருப்பதுபோல் வீரர் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் இங்கே இல்லை. அது வரும்வரை எந்த விதியும் அடுத்த வழக்கு வரைதான் தாக்குப்பிடிக்கும்.