பக்கத்து நாற்காலி – 9: மட்டையைத் தொடாத ஆசிரியர்கள்

டிசைன் குழுவுக்குள் சக பயிற்சியை (உடன் வேலை செய்பவர்களே ஒருவருக்கொருவர் பயிற்சியாளராக இருப்பதை) தொடங்க ஆள் சேர்ப்பது, அதுவும் விருப்பப்பட்டு வருபவர்களை மட்டும் சேர்ப்பது, என்பதுவரை போன வாரம் வந்தோம். இந்த வாரம் யாரை யாரோடு ஜோடி சேர்ப்பது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் டென்னிஸ் மைதானத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் ஜோடி சேர்க்கும் விதமே மாறிவிடும்.

சர் ஜான் விட்மோர் என்று ஓர் ஆங்கிலேயர். பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பத்தில் 1937-இல் பிறந்தவர். அவர் மனம் போனது கார் பந்தயத்தில். 1961-இல் மினி கார் ஓட்டி பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். 1965-இல் லோட்டஸ் கார்ட்டினாவில் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். பந்தயத்தை விட்டபின் மனித மனம் எப்படிக் கற்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அது அவரை அமெரிக்காவுக்கு, திமதி கால்வே என்ற டென்னிஸ் ஆசிரியரிடம் கொண்டுபோய் விட்டது.

கால்வே ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் கேப்டனாக இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தார். ‘முழங்கையை இறக்கு, மணிக்கட்டை இறுக்கு, தோளைத் திருப்பு’ என்று அவர் சொல்லச் சொல்ல, மாணவர் உடம்பு விறைத்துக்கொண்டே போனது. வாயை மூடிக்கொண்டு ஆடிக் காட்டினால் அதே மாணவர் தானாகச் சரியாக அடித்தார். அதன்பின் அவர் ஒரு சின்ன வேலை கொடுத்தார். பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’ என்று சொல்ல வேண்டும். மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கவனம் முழுக்கப் பந்துக்குப் போய்விட, தன்னைத் தானே திட்டிக்கொள்ள மனதுக்கு நேரமில்லை. ஆட்டம் திருந்தியது. இதை வைத்து 1974-இல் அவர் எழுதிய ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ புத்தகத்தை டென்னிஸ் பக்கமே போகாதவர்களும் வாங்கிப் படித்தார்கள்.

விட்மோர் இந்த முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். டென்னிஸுக்கும் பனிச்சறுக்குக்கும் இந்த முறையில் வகுப்புகள் நடந்தன. ஒருசமயம் டென்னிஸ் வகுப்புக்குக் கூட்டம் அதிகமாகி, பயிற்சியாளர்கள் போதவில்லை. கையில் இருந்தவர்கள் இரண்டு பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள். இந்த முறையில் தேர்ந்தவர்கள், ஆனால் டென்னிஸ் தெரியாதவர்கள். அவர்களுக்கு டென்னிஸ் பயிற்சியாளரின் சீருடையை மாட்டி, கக்கத்தில் ஒரு மட்டையையும் கொடுத்து மைதானத்துக்குள் அனுப்பினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: என்ன ஆனாலும் மட்டையால் ஒரு பந்தைக்கூட அடித்துக் காட்டக் கூடாது.

முடிவைத் தன் ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபாமன்ஸ்’ புத்தகத்தில் விட்மோர் எழுதியிருக்கிறார். டென்னிஸ் ஆசிரியர்களின் வேலைக்கும் இவர்களின் வேலைக்கும் பெரும்பாலும் வித்தியாசமே தெரியவில்லை. ஓரிரு சமயங்களில் பனிச்சறுக்குக்காரர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள்!

காரணத்தையும் அவரே சொல்கிறார். டென்னிஸ் ஆசிரியர் மாணவரைப் பார்த்ததும் அவர் கண்ணுக்குப் பிழைதான் தெரிகிறது: பிடி தப்பு, கால் தப்பு. உடனே அந்தப் பிழையைத் திருத்தப் போகிறார். பனிச்சறுக்குக்காரருக்குப் பிழையே தெரியாது. அதனால் அவர் ஆளைப் பார்க்கிறார். உடம்பு எங்கே இறுகுகிறது, எங்கே சமநிலை தவறுகிறது என்று பார்த்துக் கேட்கிறார். மாணவர் தானே உணர்ந்து சரிசெய்கிறார். பிழை என்று ஆசிரியர் நினைத்தது பல நேரம் மேல்பூச்சு. வேர் வேறு இடத்தில் இருந்தது.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தச் சம்பவம்தான். டிசைனர்களை நினைத்துப் பாருங்கள். பிழை கண்டுபிடிப்பதில் அவர்கள் கண் பழகியதுபோல் வேறு யார் கண்ணும் பழகியிருக்காது. ஸ்கிரீனைத் திறந்த மூன்றாவது நொடியில் ஸ்பேசிங் சரியில்லை, கான்ட்ராஸ்ட் போதாது, இரண்டு பட்டனும் ஒரே எடையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அது அவர்கள் தொழிலின் பெருமை. டிசைன் கிரிட்டிக் நடப்பதே அதை நம்பித்தான். கிரிட்டிக்கில் மேசைமேல் இருப்பது வேலை. சக பயிற்சியில் எதிரே உட்கார்ந்திருப்பது ஆள். பெரும்பாலான குழுக்கள் சக பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு பேர் கிரிட்டிக் நடத்துகின்றன. நாலு வாரத்தில் அது செத்துப்போகிறது. பிழை கேட்டுக்கொள்ள ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும்போது இன்னொன்றுக்கு யார் மனமுவந்து போவார்கள்?

விட்மோரிடம் கற்க வேண்டியது கேள்வி கேட்கும் விதம். ‘பந்தைப் பார்’ என்றால் யாரும் பார்ப்பதில்லை. ‘பந்தைப் பார்க்கிறாயா?’ என்றால் ‘ஆமாம்’ என்று பொய் சொல்வார்கள். ‘பந்து எந்தப் பக்கம் சுழன்று வருகிறது?’, ‘வலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது?’ என்று கேட்டால், பதில் சொல்வதற்காகவாவது பந்தைப் பார்த்தே ஆக வேண்டும். கேள்வியில் கண்டிப்பு இல்லை, யோசனை இல்லை, தீர்ப்பு இல்லை. ஆனால் கண் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது.

டிசைன் வேலைக்கு இது அப்படியே பொருந்தும். ‘யூஸரைப் பற்றி யோசித்தீர்களா?’ என்ற கேள்விக்கு உலகத்தில் எந்த டிசைனரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ‘டெஸ்டிங்கில் அந்த அம்மா எந்த ஸ்கிரீனில் அதிக நேரம் நின்றார்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு உரையாடல் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன்:

“இந்த செக்அவுட் ஸ்கிரீன்ல உங்களுக்கு எது இடிக்குது?”

“எல்லாமே நெருக்கமா இருக்கு.”

“ரொம்ப நெருக்கமா எங்க தெரியுது?”

“கூப்பன் பாக்ஸ்கிட்ட. அதைத்தான் திருப்பித் திருப்பி மாத்திக்கிட்டே இருந்தேன்.”

“ஒவ்வொரு தடவையும் எதுக்காக மாத்தினீங்க?”

“மார்க்கெட்டிங்ல கேட்டாங்க, மாத்தினேன். அப்புறம் திரும்பக் கேட்டாங்க... எனக்குத் தோணி ஒரு தடவைகூட மாத்தலைங்க.”

கிரிட்டிக்கில் இந்த ஸ்கிரீன் வந்திருந்தால் கூப்பன் பாக்ஸை எட்டு பிக்சல் கீழே இறக்கச் சொல்லியிருப்பார்கள், பிரச்சினையும் தீர்ந்திருக்கும். அந்த டிசைனர் அடுத்த ஸ்கிரீனிலும் மார்க்கெட்டிங் சொன்னதை எதிர்த்துப் பேசாமல் மாற்றியிருப்பார். இப்போதோ, தன்னால் மறுத்துப் பேச முடியவில்லை என்பதை அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். இனி பேச வேண்டியது அதைப் பற்றி. கேள்வி கேட்டவருக்கு அந்த ஸ்கிரீனைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

விட்மோரின் புத்தகம் 1992-இல் வந்தது. குறிக்கோள், நிலவரம், வழிகள், உறுதி என்று அது பரப்பிய நான்கு படிகளை எல்லா எச்.ஆர். துறையும் அச்சடித்துக் கொடுக்கிறது. அதை விளக்கி நேரம் கடத்த மாட்டேன். ஒன்று மட்டும்: புதிதாகப் பயிற்சியாளராக உட்காருபவர்கள் இரண்டாம் படியைத் தாண்டி மூன்றாவதுக்குத் தாவுகிறார்கள், ஏனென்றால் வழி சொல்வது சுகமாக இருக்கிறது. முக்கால் மணி நேரம் பேசினால் பாதி நேரம் நிலவரத்திலேயே நிற்க வேண்டும்.

இதே இடத்துக்கு வேறொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பள்ளிக் கல்வியில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்று இருவர். ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி கொடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், ஜூனில் கற்றது செப்டம்பரில் வகுப்பறைக்குள் வருவதில்லை. ஏன்? 1980-இலிருந்து இவர்கள் துரத்திய கேள்வி இது. விரிவுரை, செயல்முறை விளக்கம், பயிற்சி மூன்றையும் கொடுத்தாலும் வகுப்பறைக்குக் கொண்டுபோகிறவர்கள் 5 சதவீதம், அதோடு சக ஆசிரியர்களின் துணையும் சேர்ந்தால் 95 சதவீதம் என்பது அவர்கள் பின்னாளில் தந்த மதிப்பீடு. பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் எல்லாரும் இந்த எண்ணை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை இந்த இருவரும் 1996-இல் எழுதினார்கள். அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

சக ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் முறையை அவர்கள் அடியோடு நீக்கிவிட்டார்கள். கருத்துச் சொல்லத் தொடங்கியதும் சக ஆசிரியர் மெல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். முதலில் பாராட்டு, பின்னால் ஒரு ‘ஆனால்’. அதோடு கூட்டு வேலை குலைகிறது. எனவே ஏற்பாட்டையே தலைகீழாக்கினார்கள். வகுப்பு எடுப்பவர்தான் பயிற்சியாளர். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பவர்தான் பயிற்சி பெறுபவர். பார்த்து முடித்தபின் அவர் சொல்ல வேண்டியது, ‘உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது’ என்பது மட்டும். கருத்தை நீக்கியபிறகும் பலன் குறையவில்லை, ஏற்பாடு எளிதானது என்பது அவர்கள் அனுபவம்.

இதை டிசைன் குழுவில் செய்ய எந்தச் செலவும் இல்லை. ஃபிக்மாவில் ஒரே ஃபைலைத் திறந்திருப்பவர்களில் ஒருவரின் படத்தைத் தட்டினால், அவர் திரையில் எங்கே நகர்கிறாரோ அங்கேயே நம் திரையும் நகரும். அரை மணி நேரம், வாய் திறக்காமல், சக டிசைனர் வேலை செய்வதைப் பாருங்கள். எதை முதலில் தொடுகிறார், எதை அழிக்கிறார், எங்கே கை நிற்கிறது? அனுபவம் உள்ளவர் இளையவரின் வேலையையும் இப்படியே பார்க்க வேண்டும். கற்றுக்கொள்பவராக உட்கார வேண்டும் என்ற ஒரே விதி, சீனியர் ஜூனியர் என்ற பேச்சை அந்த அரை மணி நேரத்துக்காவது ஒதுக்கி வைக்கிறது.

மேலாளரை எங்கே வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். வெளியே. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தில் இயக்குநர்கள் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துப் பேசும் ‘பிரெய்ன்டிரஸ்ட்’ கூட்டத்துக்கு, அப்போது அதன் பெரும்பங்கு உரிமையாளராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸையே வர வேண்டாம் என்று நிறுவனத் தலைவர் எட் கேட்மல் கேட்டுக்கொண்டார். அவர் உள்ளே இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பது காரணம். ஜாப்ஸ் ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் சொல்லப்படும் எதையும் இயக்குநர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சக பயிற்சி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்ரைசல் மாதம் வந்தது. ஒரு மேலாளர் பயிற்சியாளராக இருந்தவரைக் காபிக்குக் கூப்பிட்டு, ‘அந்தப் பொண்ணு எப்படிப் பண்ணுது?’ என்று கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயிற்சியாளர் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். விஷயம் அந்தப் பெண் காதுக்குப் போனதும் அடுத்த சந்திப்பை ரத்து செய்தார். இரண்டு வாரத்தில் மற்ற ஜோடிகளும் நின்றுபோயின. பேசியது வெளியே போகாது என்ற வாக்கை முதல் நாளே மேலாளர் வாயால், எல்லார் முன்னிலையிலும் சொல்ல வைத்திருக்க வேண்டும். யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற எண்ணிக்கைக்கு மேல் எதுவும் அவருக்குப் போகக் கூடாது.

சரி, ஜோடி. இதுவரை சொன்னதிலிருந்து முதல் விதி தானாக வந்துவிடுகிறது: ஒரே பிராடக்ட்டில், ஒரே ஃபைலில் வேலை செய்யும் இருவரைச் சேர்க்காதீர்கள். விஷுவல் டிசைனரை ரிசர்ச்சரோடு சேருங்கள், யூ.எக்ஸ். ரைட்டரை மோஷன் செய்பவரோடு சேருங்கள். எதிராளியின் தொழிலில் பிழை கண்டுபிடிக்கத் தெரியாதவரே நல்ல துணை. ‘அவருக்கு என் வேலையைப் பற்றி என்ன தெரியும்?’ என்று முதல் வாரம் முணுமுணுப்பு வரும். அப்போது அந்தப் பனிச்சறுக்கு ஆசிரியர்களின் கதையைச் சொல்லுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒரு ஜோடி, எப்போது மாற்றுவது, இரண்டு பேரா மூன்று பேரா என்பதெல்லாம் அடுத்த வாரம். மூன்று பேர் என்றால் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போயாக வேண்டும். பிரிட்டனின் சுரங்கங்கள் அரசுடைமையான காலத்தில், நிலக்கரி வாரியத்தின் கல்விப் பொறுப்பில் இருந்த ரெஜ் ரெவன்ஸ், சுரங்க மேலாளர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து, வெளியிலிருந்து நிபுணர் யாரும் வேண்டாம், ஒருவர் சிக்கலை மற்றவர்கள் கேள்வியால் துளையுங்கள் என்றார். அவரும் விளையாட்டு வீரர்தான்: 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நீளம் தாண்டியவர். கார் ஓட்டியவர், டென்னிஸ் ஆடியவர், நீளம் தாண்டியவர். மூவரும் ஏன் விளையாட்டிலிருந்தே வந்தார்கள் என்பதையும் அடுத்த வாரம் பேசுவோம்.

அதுவரை ஒன்று மட்டும் செய்து பாருங்கள். உங்கள் குழுவில் உங்கள் வேலையிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் ஒருவர் வேலை செய்வதை அரை மணி நேரம் கருத்து எதுவும் சொல்லாமல் பாருங்கள். எழுந்து வரும்போது, அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன என்று அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)