ஜெர்மனியில் மியூசிகாலஜி மாஸ்டர்ஸ்: ஃபீஸ் இல்லை, சரி. மொத்தமா எவ்வளவு ஆகும்?

ஜெர்மனி படிப்பு பத்தி நமக்கு வர்ற கேள்வில முக்கால்வாசி மெக்கானிக்கல், டேட்டா சயின்ஸ் பத்திதான். நடுவுல அப்பப்போ வேற மாதிரி ஒண்ணு வரும்: "ஐடில வேலை பாக்குறேன். சின்ன வயசுல இருந்து பாட்டு கத்துக்கிட்டேன். ஜெர்மனில ஃபீஸே கிடையாதாமே, வேலையை விட்டுட்டு மியூசிகாலஜி மாஸ்டர்ஸ் போகலாமா?"

போகலாமா கூடாதான்னு நான் சொல்ல முடியாது. என்ன விலைன்னு கணக்கு போட்டுச் சொல்ல முடியும். "ஃபீஸ் இல்லை"ங்கிற ஒரே வரியை நம்பி ரிசைன் லெட்டர் டைப் பண்றவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். மியூசிகாலஜின்னா பாடவோ வாசிக்கவோ கத்துக்குற படிப்பு இல்லை. அதுக்கு அங்க தனியா இசைக் கல்லூரிகள் இருக்கு, அங்க நுழைவுத் தேர்வுல வாசிச்சுக் காட்டணும். மியூசிகாலஜி இசையைப் பத்தின ஆராய்ச்சிப் படிப்பு. 1885-ல் கைடோ அட்லர்ங்கிற அறிஞர் இந்தத் துறையை வரலாறு சார்ந்தது, அறிவியல் முறை சார்ந்ததுன்னு ரெண்டா பிரிச்சார். அந்தப் பிரிவு இன்னைக்கும் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள்ல தெரியும். வரலாறு பக்கம் போனா பழைய கையெழுத்துப் பிரதிகள், பாக் காலத்து நொட்டேஷன். இன்னொரு பக்கம் போனா ஒலியியல், காது எப்படிக் கேக்குது, கம்ப்யூட்டர்ல ஒலி அலையை அலசுறது. ஹாம்பர்க் பல்கலைக்கழகம் இந்த ரெண்டாவது வகைக்குப் பேர் போனது. மூணாவதா உலக இசை ஆராய்ச்சி. 1900-ல் பெர்லினுக்கு வந்த சயாம் நாடகக் குழுவோட இசையை கார்ல் ஷ்டும்ஃப் மெழுகு உருளைல பதிவு பண்ணார். அதுல ஆரம்பிச்ச பெர்லின் ஒலிக் காப்பகம் இப்போ யுனெஸ்கோவோட உலக நினைவகப் பட்டியல்ல இருக்கு. இதெல்லாம் படிக்கும்போதே உங்களுக்கு உள்ளுக்குள்ள ஏதாவது பரபரன்னு இருந்தா மேல படிங்க. இல்லைன்னா, உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல பாட்டு வாத்தியார். அது ரொம்ப சீப்.

இப்போ ஃபீஸ். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் பங்களிப்புன்னு ஒரு சின்னத் தொகை மட்டும்தான். ஊரைப் பொறுத்து சுமார் 100-ல இருந்து 400 யூரோ வரைக்கும், பல இடத்துல லோக்கல் பஸ், ட்ரெயின் பாஸும் அதுலயே அடங்கிடும். ஆனா பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்துல 2017 குளிர்கால செமஸ்டர்ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க், ட்யூபிங்கன் எல்லாம் அந்த மாநிலம்தான். நாலு செமஸ்டருக்கு 6,000 யூரோ. லைப்சிக், ஹாலே, கொலோன்ல எல்லாம் இந்தச் செலவு இல்லை. அப்ளிகேஷன் போடும்போது பல்கலைக்கழகத்தோட பேரை மட்டும் பாக்காதீங்க, எந்த மாநிலம்னும் பாருங்க.

ரெண்டு பேரு இங்கயே நின்னுடுவாங்க. ஒண்ணு, பி.இ., பி.காம். முடிச்சவங்க. மாஸ்டர்ஸ் சேரணும்னா பொதுவா அதே துறையிலயோ அதுக்கு நெருங்கின துறையிலயோ பேச்சிலர் டிகிரி கேப்பாங்க. மேடைக் கச்சேரி அனுபவம் டிகிரிக்கு ஈடாகாது. பி.ஏ. மியூசிக் முடிச்சுட்டு வேற வேலைக்குப் போனவங்களுக்கு வழி சுலபம். இன்ஜினியர்களுக்கு ஒலியியல் பக்கம் வாய்ப்பு இருக்கலாம், துறைக்கு நேரடியா மெயில் போட்டுக் கேளுங்க. ரெண்டாவது, ஜெர்மன் மொழி தெரியாதவங்க. இந்தப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன்லதான். டிஎஸ்ஹெச் இரண்டாம் நிலை, இல்லைன்னா டெஸ்ட்டாஃப்ல நாலு பிரிவுலயும் நாலு கேப்பாங்க. கிட்டத்தட்ட சி1 அளவு. வேலை பாத்துக்கிட்டே சனி, ஞாயிறு வகுப்புல ஏ1-ல இருந்து அங்க வர ரெண்டு வருஷம் சாதாரணமா ஆகும். அந்த ரெண்டு வருஷம் சம்பளம் வந்துக்கிட்டே இருக்கும். அதனால இதை நான் நல்ல விஷயமாத்தான் பாக்குறேன். ஆசை நிஜமான்னு வேலையை விடாமலே தெரிஞ்சுடும்.

சரி, கணக்குக்கு வருவோம். 27 வயசு, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 70,000, சென்னைல செலவு 40,000. ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்குவோம்.

விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்குல ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், 2024 செப்டம்பர்ல வந்த தொகை இது. மாறிக்கிட்டே இருக்கும், அப்ளை பண்ணும்போது தூதரக வெப்சைட்ல செக் பண்ணிக்கோங்க. இது ஃபீஸ் இல்லை, உங்க பணம்தான். அங்க போனதும் மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்ப வரும். மாணவர் விடுதில இடம் கிடைச்சா லைப்சிக்ல இந்தத் தொகையில ஓட்டிடலாம். முனிக்ல கஷ்டம்.

ரெண்டு வருஷத்துக்கு 23.8 லட்சம். இழந்த சம்பளம் 16.8 லட்சம். ஆனா சென்னைல இருந்திருந்தாலும் 9.6 லட்சம் செலவாகியிருக்கும், அதைக் கழிச்சுடுங்க. வந்தது 31 லட்சம். மொழி வகுப்பு, பரீட்சைகள், ஏபிஎஸ் சான்றிதழ் 18,000 ரூபாய், விசா 75 யூரோ, டிக்கெட், முதல் மாச அட்வான்ஸ் எல்லாத்துக்கும் ஒரு 3 லட்சம் வைங்க. 34 லட்சம்.

இதுல இருந்து பார்ட் டைம் வருமானத்தைக் கழிக்கலாம். 2026 ஜனவரில இருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் பத்து மணி நேரம் பாத்தா மாசம் சுமார் 600 யூரோ. சட்டம் அதுக்கு மேலயும் அனுமதிக்குது, வருஷத்துக்கு 140 முழு நாள். ஆனா ஜெர்மன்ல தடிதடியா புத்தகம் படிக்கிற படிப்பு இது, பத்து மணி நேரம்தான் யதார்த்தம். முதல் செமஸ்டரை விட்டுட்டா 18 மாசத்துக்கு 10.8 லட்சம்.

ஆக நிகர விலை சுமார் 23 லட்சம். ஃபீஸ் இல்லாத படிப்போட விலை இது.

வயசு முப்பதை நெருங்குறவங்க ஒண்ணு கவனிங்க. மாணவர்களுக்கான சலுகை விலை அரசு மருத்துவக் காப்பீடு, மாசம் சுமார் 150 யூரோ, 30 வயசு வரைக்கும்தான். அந்த வயசு முடியிற செமஸ்டரோட சலுகை போயிடும், அப்புறம் வேற பாலிசி எடுக்கணும், பட்ஜெட் மாறிடும். மொழி படிக்க ரெண்டு வருஷம், படிப்பு ரெண்டு வருஷம்னா 26-க்குள்ள ஆரம்பிக்கிறது உத்தமம்.

இந்த 23 லட்சம் திரும்ப வருமா? இங்கதான் நான் கறாரா பேசுவேன். படிப்பு முடிஞ்சதும் வேலை தேட 18 மாசம் அனுமதி கிடைக்கும். ஜெர்மனில அரசுப் பணத்துல நடக்குற ஆர்கெஸ்ட்ராவே சுமார் 130 இருக்கு, ஓபரா ஹவுஸ், ரேடியோ, பேரன்ரைட்டர், ப்ரைட்கோப்ஃப் மாதிரி நொட்டேஷன் பதிப்பகங்கள் எல்லாம் மியூசிகாலஜி படிச்சவங்களை எடுக்குறாங்கதான். ஆனா அங்க போட்டி போடுறது ஜெர்மனைத் தாய்மொழியா பேசுறவங்களோட. நிறைய வேலை ஒப்பந்த அடிப்படை. பிஎச்.டி. இடம் கிடைச்சாலும் பெரும்பாலும் அரை, முக்கால் சம்பளம்தான். ப்ளூ கார்டுக்கு 2026-ல் பொதுவான சம்பள வரம்பு வருஷத்துக்கு 50,700 யூரோ, அதை ஆரம்பத்துலயே தொடுறது கஷ்டம். அந்த வரம்பு இல்லாத சாதாரண திறன் பணியாளர் அனுமதியும் இருக்கு, அது உங்க நிஜமான வழி.

அதனால இதை முதலீடுன்னு எழுதாதீங்க. வீட்டுக்கு கார் வாங்குற மாதிரி ஒரு செலவு. செலவுன்னு தெரிஞ்சே பண்ணா தப்பே இல்லை. ஆனா செலவுக்குக் கடன் வாங்கக் கூடாது. 24 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, பத்து வருஷம்னா இஎம்ஐ சுமார் 32,400. படிக்கிற காலத்து வட்டி தனி. ஐடி மாஸ்டர்ஸ் முடிச்சவருக்கு அது பாரம், மியூசிகாலஜி முடிச்சவருக்கு அது சங்கிலி. டிஏஏடி ஸ்காலர்ஷிப் கிடைச்சா கதையே வேற, மாசம் 992 யூரோ. அதுக்கு ஒரு தடவை கண்டிப்பா முயற்சி பண்ணுங்க. கிடைக்கலைன்னா சேமிச்சுட்டுப் போங்க.

கடைசியா ஆடிட்டரா நாலு விஷயம். நாலே முக்கால் வருஷம் சர்வீஸ்ல ரிசைன் பண்ணாதீங்க, கிராஜுவிட்டி, பிஎஃப் வரி ரெண்டுக்குமே அஞ்சு வருஷம்தான் கணக்கு. 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினா டிசிஎஸ் இல்லை, அதனால மொத்தத்தையும் ஒரே வருஷத்துல அனுப்பாதீங்க. முதல் வருஷத்து 11.9 லட்சத்துல வரம்புக்கு மேல போறதுக்கு மட்டும் பிடிப்பாங்க, அதையும் ரிட்டர்ன்ல திரும்ப வாங்கிக்கலாம். செப்டம்பர்ல கிளம்பினா அந்த வருஷம் நீங்க வரிச் சட்டப்படி இந்தியாவுல வசிப்பவர்தான். ஜெர்மன் கணக்கை ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்ல கட்டாயம் காட்டணும், முக்காவாசிப் பேர் விடுறது இதைத்தான். ஃபெமா சட்டம் வேற மாதிரி பாக்கும், அங்க நீங்க என்ஆர்ஐ. சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா மாத்தச் சொல்லி பேங்க்ல கிளம்பும்போதே எழுதிக் குடுத்துடுங்க.

குளிர்கால செமஸ்டருக்கு நிறைய இடத்துல ஜூலை 15 கடைசித் தேதி, சில இடத்துல அதுக்கும் முன்னாடி. ஏபிஎஸ் சான்றிதழுக்கு சில மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சுடுங்க. மேல போட்ட கணக்கோட எக்செல் ஷீட் சேனல்ல இந்த வார வீடியோவுக்குக் கீழ இருக்கு. உங்க சம்பளம், உங்க ஊர்ச் செலவை மஞ்சள் கட்டத்துல போட்டுப் பாருங்க.