மாத்திரையை நிறுத்திய பிறகு வரும் மாதவிலக்கு வலி



அடி அண்ணாமலையில் குழுக் கூட்டம் முடிந்து, சேமிப்புப் பணத்தை எண்ணி நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. ஒரு உறுப்பினர் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். கிரிவலப் பாதையில் கடை போடுபவர். (அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

"ஆறு மாசம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டேன் மேடம். வலியே இல்ல, மாசாமாசம் சரியா வந்துச்சு. நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. இப்ப நாளும் தள்ளிப்போகுது, வந்தா பௌர்ணமி வியாபாரத்துக்கு உட்காரக்கூட முடியல. ஆயுர்வேத மருந்து சாப்பிடலாமா?"

ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் நோயைக் குணப்படுத்துவதில்லை. கருமுட்டை வெளிவருவதை நிறுத்தி, கர்ப்பப்பையின் உள்தோல் தடிக்காமல் வைக்கிறது. அதனால் உதிரமும் வலியும் குறையும். சாப்பிடும்வரைதான் அது. நிறுத்தினால் பழைய வலி திரும்பலாம், நாள் ஒழுங்காக 3 மாதம்கூட ஆகலாம். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி என்றால் 6 மாதத்துக்கு மேலும் ஆகும். தீபத்துக்கு நாள் தள்ளிப்போட வாங்குகிறோமே, அதுவும் ஹார்மோன் மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

நாள் தள்ளிப்போனதும் எள்ளு, கருஞ்சீரகம், பப்பாளி என்று ஆரம்பிக்கிறோம். பொறுங்கள். மாத்திரையை நிறுத்தினால் கரு தங்கும் வாய்ப்பும் உடனே திரும்பிவிடும். முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கர்ப்பம் இல்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும். நார்க்கட்டியா, நீர்க்கட்டியா, தைராய்டா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்து சாப்பிட்டாலும் இருட்டில் கல்லெறிகிற கதைதான்.

வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் நல்ல பலன் தரும். வலி வரும் முதல் 3 நாள் சுக்குக் கஷாயம் குடிக்கலாம். இஞ்சி, சுக்கு மாதவிலக்கு வலியைக் குறைப்பதாக ஆய்வுகளும் சொல்கின்றன. உளுந்தங்களியும் முருங்கைக்கீரையும் மாதம் முழுக்க வேண்டும், அந்த 3 நாளுக்கு மட்டுமல்ல. தாங்க முடியாதபோது டாக்டர் சொன்ன வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

ஆயுர்வேதத்தில் அதிக உதிரப்போக்குக்குக் காலங்காலமாகக் கொடுப்பது அசோகாரிஷ்டம். அசோக மரப்பட்டையில் செய்வது. ஒரு எச்சரிக்கை: பள்ளிக்கூட வாசலில் ஒல்லியாக நெட்டையாக நிற்கிறதே, நாம் அசோகா மரம் என்கிறோமே, அது நெட்டிலிங்கம். அந்தப் பட்டையைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். அசோகப்பட்டை என்று இதை விற்பவர்களும் உண்டு. அரிஷ்டத்தில் வெல்லம் சேர்வதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடி, செந்தூரம் எதுவும் வேண்டாம். சில மருந்துகளில் ஈயம், பாதரசம் இருந்திருக்கிறது. லேபிளில் உரிம எண்ணும் காலாவதி தேதியும் பாருங்கள். பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். போகும்போது ஹார்மோன் மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ, 3 மாதம் வராமலே இருந்தாலோ, உறவுக்குப் பின் உதிரம் பட்டாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ கஷாயத்தை நம்பி உட்காராமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு பட்டால் ஒரு துளி என்றாலும் போக வேண்டும். "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், உடனே ஒத்துக்கொள்ளாமல் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

அந்த உறுப்பினர் ஸ்கேன் எடுத்தார். கட்டி ஒன்றும் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 8 தான். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இப்போது இரும்புச்சத்து மாத்திரையும், சித்த மருத்துவர் கொடுத்த மருந்தும் சாப்பிடுகிறார். வந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காலண்டரை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.