சொல்லும் குறிப்பும்

நுழையும்முன்

ஒருவர் பேசி முடித்ததனாலேயே அவர் கருத்து மற்றவரைச் சென்றடைந்துவிட்டது எனக் கொள்ள இயலாது. கேட்டவர் அதனை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதில்தான் தொடர்பின் வெற்றி அடங்கியுள்ளது. சொல்லும் உடற்குறிப்பும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைநிற்கின்றன, அத்துணை இல்லாதபோது என்ன நேர்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தொடர்பின் உறுப்புகள்

மனிதர் இருவரிடையே நிகழும் கருத்துப் பரிமாற்றத்தில் அனுப்புநர், செய்தி, செய்தி செல்லும் வழி, பெறுநர் ஆகிய நான்கு உறுப்புகள் உள்ளன. அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட தகவல்தொடர்புக் கோட்பாட்டில், செய்தியைச் சிதைக்கும் தடைகளை ‘இரைச்சல்’ என்று குறிப்பிட்டார். பின்வந்த அறிஞர்கள், பெறுநரிடமிருந்து அனுப்புநருக்குத் திரும்பி வரும் ‘பின்னூட்டம்’ என்னும் உறுப்பிற்குச் சிறப்பிடம் அளித்தனர். பின்னூட்டம் இருந்தால்தான் தாம் சொன்னது சொன்னவாறே சேர்ந்ததா என்பதை அனுப்புநர் அறிய முடியும்.

மொழிவழித் தொடர்பு

பேச்சு, எழுத்து ஆகியவற்றின் வாயிலாக நிகழ்வது மொழிவழித் தொடர்பு. நேற்று நடந்ததையும் நாளை நடக்கவிருப்பதையும் கண்முன் இல்லாத பொருளையும் மொழியால் கூற முடியும். ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்னும் எளிய தொடரில் நிபந்தனையும் மறுப்பும் எதிர்காலமும் ஒருங்கே அமைந்துள்ளன. இதனை வெறும் சைகையால் உணர்த்துவது அரிது.

செவித்திறன் குறைந்தோர் பயன்படுத்தும் சைகை மொழியை இங்குத் தனித்து நோக்க வேண்டும். அது கைகளால் நிகழ்ந்தாலும், தனக்கெனச் சொற்களும் இலக்கணமும் கொண்ட முழுமையான மொழியாகும். இவ்வுண்மையை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோகீ 1960ஆம் ஆண்டு தம் ஆய்வால் நிறுவினார். எனவே, வாயால் பேசுவது மட்டுமே மொழிவழித் தொடர்பு என்று கருதுதல் கூடாது.

மொழிசாராத் தொடர்பு

முகக்குறிப்பு, பார்வை, கையசைவு, நிற்கும் நிலை, தொடுகை, இருவரிடையே உள்ள தொலைவு ஆகியன மொழிசாராத் தொடர்பின் கூறுகள். பேச்சோடு இணைந்து வரும் குரலின் ஏற்ற இறக்கமும் விரைவும் இடையில் விழும் மௌனமும் இவ்வகையில் அடங்கும். ‘நன்றாக இருக்கிறது’ என்னும் ஒரே தொடர், குரல் மாற்றத்தால் பாராட்டாகவும் ஏளனமாகவும் ஒலிப்பதை நாம் அறிவோம்.

இக்கூறுகளுள் சில, மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்டவை. நம் பேருந்துகளில் நடத்துநர் ஒருமுறை விசில் ஊதினால் வண்டி நிற்கும். இருமுறை ஊதினால் புறப்படும். இவ்வழக்கத்தை அறியாதவருக்கு அவை வெறும் ஒலிகளே. தமிழர் தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்துச் ‘சரி’ என்று உணர்த்துவதை, மறுப்பு எனப் பிறநாட்டார் மயங்குவதுண்டு. பல்கேரிய நாட்டில் தலையை மேலும் கீழும் அசைப்பது மரபாக ‘இல்லை’ என்பதைக் குறிக்கும். பெரியோர் முன் பார்வையைத் தாழ்த்துவது நம்மிடையே பணிவு. வேறு சில சமூகங்களில் அது எதையோ மறைப்பதாகக் கருதப்படலாம்.

மெய்ப்பாடு காட்டும் உண்மை

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தமிழ் இலக்கண மரபு ‘மெய்ப்பாடு’ என்று வழங்குகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களையும் அது வகுத்துள்ளது.

அழுகையைச் சான்றாகக் கொள்வோம். பிறர் இகழ்ந்ததாலும், உரியவரையோ உடைமையையோ இழந்ததாலும், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததாலும், வறுமையாலும் ஒருவர்க்கு அழுகை தோன்றலாம். கண்ணீர் ஒன்றே, காரணங்களோ நான்கு. ஒருவர் துன்புறுகிறார் என்பதை உடற்குறிப்பு உடனே அறிவித்துவிடுகிறது. அவர் ஏன் துன்புறுகிறார் என்பதை அவர் சொல்லால்தான் உறுதியாக அறிய இயலும்.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் அரசவை சார்ந்தும், மற்றொன்று காமத்துப்பாலில் காதலர் சார்ந்தும் அமைந்துள்ளது. அந்நூலிலேயே ‘சொல்வன்மை’ என்னும் அதிகாரமும் உள்ளது. சொல்லும் திறனையும் குறிப்பை அறியும் திறனையும் வள்ளுவர் தனித்தனியே போற்றியமை கருதத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

கருத்துப் பரிமாற்றத்தில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38 விழுக்காடு, முகக்குறிப்பின் பங்கு 55 விழுக்காடு என்று பலரும் கூறுவர். உளவியலாளர் ஆல்பர்ட் மெக்ராபியனின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து இவ்வெண்கள் பெறப்பட்டன. ஒருவர் மற்றவரிடம் கொண்டுள்ள விருப்பு வெறுப்புகளை உணர்த்துவது பற்றியவை அவ்வாய்வுகள். எல்லா வகைப் பேச்சுக்கும் அவ்வெண்கள் பொருந்தும் என்பது தவறான கருத்து.

குறிப்புக் காணாத இடத்தில் சொல்

நேரில் பேசும்போது கேட்பவரின் முகமே பின்னூட்டமாக அமைகிறது. அவர் புருவம் சுருங்கினால் மீண்டும் விளக்குகிறோம். முகம் காண இயலாத இடத்தில் அப்பணியையும் சொல்லே ஏற்க வேண்டும். இதனை உலகிற்கு உணர்த்திய பெருந்துயரம், 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் கேனரித் தீவுகளுள் ஒன்றான டெனெரீஃபில் நிகழ்ந்தது.

அன்று விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. கேஎல்எம் நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. அதே பாதையில் பான் ஆம் நிறுவனத்தின் விமானம் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையினராலும் அவ்விரண்டையும் காண இயலவில்லை. வானொலிப் பேச்சு ஒன்றே துணை.

கேஎல்எம் விமானத்திற்கு, மேலெழுந்தபின் செல்லவேண்டிய வழி மட்டும் தெரிவிக்கப்பட்டது. புறப்படுவதற்கான இசைவு தரப்படவில்லை. ஆயினும் விமானம் நகரத் தொடங்கியது. துணை விமானி, தாங்கள் புறப்பாட்டில் இருப்பதாகத் தெளிவற்ற சொற்களில் தெரிவித்தார். புறப்பட ஆயத்தமாக நிற்பதாகவே கட்டுப்பாட்டாளர் அதனைப் புரிந்துகொண்டார். அவர் ‘ஓகே’ என்று கூறிச் சற்று நிறுத்தி, காத்திருக்குமாறு சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானத்தினர், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அறிவித்தனர். இரு குரல்களும் மோதி எழுந்த இரைச்சலில், கேஎல்எம் விமானிகளுக்கு ‘ஓகே’ மட்டுமே தெளிவாகக் கேட்டது.

எதிரே உள்ள விமானம் விலகிவிட்டதா என்னும் ஐயத்தை அவ்விமானத்தின் பொறியாளர் எழுப்பினார். பட்டறிவு மிக்க தலைமை விமானி, விலகிவிட்டதாக உறுதியான குரலில் விடையளித்தார். அதற்குமேல் எவரும் வினவவில்லை. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர்.

இவ்விபத்திற்குப் பின்னர் விமானப் போக்குவரத்தின் பேச்சுமுறை இறுக்கமாக வரையறுக்கப்பட்டது. புறப்பாட்டைக் குறிக்கும் சொல்லை, அதற்கான இசைவை அளிக்கும்போதோ திரும்பப் பெறும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நடைமுறையானது. முதன்மையான ஆணைகளைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்வதும் வலியுறுத்தப்பட்டது. இளநிலையில் உள்ளோர் தம் ஐயத்தைத் தயங்காது கூறவும், மூத்தோர் அதற்குச் செவிகொடுக்கவும் பயிற்சிகள் வளர்ந்தன.

கேட்டுத் தெளிதல்

குறிப்பைக் கண்டு வினவுவதும், சொல்லைக் கேட்டு உறுதிசெய்துகொள்வதும் நல்ல தொடர்பின் இரு கண்கள். ‘புரிந்ததா?’ என்னும் வினாவிற்கு வகுப்பே தலையசைக்கலாம். புரிந்ததை ஒருவர் தம் சொற்களில் கூறும்போதுதான் உண்மை விளங்கும். மருத்துவர் கூறிய மருந்து முறையைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும் இத்தகையதே.

எப்போதும் கலகலப்பாகப் பேசும் தோழி சில நாள்களாகத் தலைகுனிந்து அமர்ந்திருந்தால், அதனைச் செருக்கு என்றோ சோம்பல் என்றோ முடிவுகட்டுதல் தகாது. பசி, நோய், வீட்டுத் துயர், பாடம் புரியாமை என எதுவும் அதன் காரணமாக இருக்கலாம். அவளுடைய குறிப்பு நம்மை அருகில் அழைக்கிறது; அருகில் சென்று கனிவோடு கேட்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. ‘நீ வந்துவிட்டாயா’ என்னும் தொடரை மகிழ்ச்சி, சினம், வியப்பு ஆகியன தோன்றப் பேசிக் காட்டுக.
2. உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் சைகைகளையும் அவற்றின் பொருளையும் தொகுத்து எழுதுக.
3. நண்பரிடம் ஓர் இடத்திற்குச் செல்லும் வழியைத் தொலைபேசியில் கூறி, அவரைத் திருப்பிச் சொல்லச் செய்க. வேறுபட்ட இடங்களைக் குறித்துக் காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.