கற்பலகைக் கூரைகள்

கற்பலகையில் எழுதிப் பழகியவர்களுள் நானும் ஒருவன். எச்சில் தொட்டு அழித்தால் ஆசிரியர் அதட்டுவார். கை தவறினால் பலகை இரண்டாகும். அந்தச் சிலேட்டுக் கல் ஒரு நாட்டின் நகரங்களுக்கே கூரையான கதையை இன்று சொல்லலாம் என எண்ணுகிறேன்.

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை ஆண்டது 1837 முதல் 1901 வரை. அக்காலத்து வீட்டு வரிசைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். செங்கற் சுவர், மேலே சாம்பலும் ஊதாவும் கலந்த கூரை. அந்த ஊதா, வடமேற்கு வேல்ஸ் மலைகளின் நிறம். அதற்கு முன்பு ஒவ்வோர் ஊரும் தன் அருகில் கிடைத்ததைக் கொண்டே கூரை வேய்ந்தது. ஓரிடத்தில் வைக்கோல், ஓரிடத்தில் நாணல், வேறோரிடத்தில் சுட்ட ஓடு. கடல் வழியே ஏற்றிச் செல்லும் சிலேட்டின் மீதிருந்த வரி 1831-இல் நீங்கிற்று. அடுத்து இருப்புப் பாதை வந்தது. மலைநாட்டுக் கல் தொலைதூர நகரங்களுக்கும் மலிவாகப் போய்ச் சேர்ந்தது.

சேறு பல கோடி ஆண்டுகள் மண்ணின் அழுத்தத்தில் இறுகி உண்டான கல் இது. அவ்வழுத்தத்தால் அதன் நுண்துகள்கள் யாவும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. ஆகவே அகன்ற உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால், சுவடிக்கட்டு பிரிவதுபோல் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஏட்டின் கனம் சில மில்லிமீட்டரே. நீரை உறிஞ்சுவதும் மிகக் குறைவு. எடை குறைவாதலால் தாங்கும் மரச்சட்டங்களும் பருமனாக இருக்க வேண்டியதில்லை. நல்ல சிலேட்டு நூறாண்டுக்கு மேலும் நிற்கும். கூரை பழுதானால், பெரும்பாலும் குற்றம் கல்லினுடையதன்று. அதைப் பிடித்திருந்த இரும்பாணி துருப்பிடித்திருக்கும்.

சிலேட்டின் அளவுகளுக்கு இட்ட பெயர்கள் வேடிக்கையானவை. 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ளது 'டச்சஸ்'. இருபதுக்குப் பத்து 'கவுண்டெஸ்'. பதினாறுக்கு எட்டு 'லேடி'. பிரபுக்களின் மனைவியர் கொள்ளும் பட்டங்கள் இவை. சுரங்கத் தொழிலாளி நாள் முழுதும் டச்சஸ்களையும் கவுண்டெஸ்களையும் எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

கூரையின் முகட்டில் சீப்புப் பல்போல் வெட்டிய சுடுமண் ஓடுகளை வரிசையாகப் பதித்தார்கள். மழையைத் தடுப்பதற்கு இவ்வளவு வேலைப்பாடு வேண்டியதில்லை. ஆயினும் தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். வாசலைத் தாண்டினால் தரையிலும் அதே ஆசை. இடைக்காலத் தேவாலயங்களில் ஒரு நிறக் களிமண் ஓட்டில் கோலத்தைக் குழியாக அழுத்தி, வேறு நிறக் களிமண்ணை அதில் நிரப்பிச் சுட்டார்கள். மேலே தீட்டிய வண்ணமன்று. ஆதலால் கால்பட்டுத் தேய்ந்தாலும் கோலம் எளிதில் மறையாது. வழக்கொழிந்துபோன அக்கலையை ஸ்டோக் நகரத்து ஹெர்பர்ட் மின்டன் மீட்டெடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் தளத்தில் அவர் ஓடுகள் பதிந்தன. சற்று ஈரமான களிமண் பொடியை இயந்திரத்தால் அழுத்தி ஓடு செய்யும் முறைக்கு ரிச்சர்ட் புரோசர் 1840-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் எளிய குமாஸ்தாவின் வீட்டு நடையிலும் வண்ணத் தரை வந்துவிட்டது.

தரைக்கு இயந்திரம் வந்ததே, கூரைக்கு? சிலேட்டை ஏடாகப் பிளக்கும் வேலை கைவேலையாகவே இருந்தது. அதன் தூசு பிளந்தவர்களின் நுரையீரலை அரித்தது. பாறையின் ஒரு பகுதியை வெட்ட இன்ன விலை என்று ஒவ்வொரு குழுவும் மாதந்தோறும் மேற்பார்வையாளரிடம் பேசி முடிக்க வேண்டும். அவர் தயவைப் பொறுத்தது கூலி. பெத்தெஸ்தா என்னும் ஊரை அடுத்த பென்ரின் கற்சுரங்கத்தில், சங்கத்தின் மூலம் பேசும் உரிமை வேண்டிச் சுமார் 2,800 பேர் 1900 நவம்பரில் வெளியேறினர். போராட்டம் மூன்றாண்டு நீடித்தது. சிலர் இடையில் வேலைக்குத் திரும்பவே, மற்றவர்கள் தம் வீட்டில் துரோகி இல்லை என்று வேல்ஸ் மொழியில் அச்சிட்ட அட்டையைச் சன்னலில் வைத்தார்கள். குடும்பங்கள் பல பிரிந்தன. பலர் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போயினர். 1903 நவம்பரில், கேட்டது எதுவும் கிட்டாமலே, எஞ்சியவர்கள் மீண்டும் உளியை எடுத்தார்கள்.